திருத்த வரலாறு

திருப்புல்லாணி ஒன்றிய அலுவலகத்தில்
மின்விசிறிக்கு நேர் கீழே என் கணினி.
பன்னிரண்டாயிரம் சம்பளம்,
பதினோரு மாத ஒப்பந்தம்.
வேலை: பொதுப்பக்கத்தைப் பார்த்துக்கொள்வது.

யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம்,
எழுதியது யாரென்று பக்கமே சொல்லிவிடும்
என்று தொடக்க விழாவில் பேசினார்கள்.
கைதட்டியது நாங்கள்தான், ஊழியர்கள்.
முதல் மூன்று வாரம்
நான் எழுதியதை நானே திருத்திக்கொண்டிருந்தேன்.

நாலாவது வாரம், இரவு எட்டே முக்காலுக்கு
களிமண்குண்டிலிருந்து ஒரு வரி:
'என் பேர், காளஞ்சியம் இல்ல,, களஞ்சியம்.'
குடிநீர்க் கோரிக்கை, மனு எண் 2217.
தட்டச்சு செய்தது நான்.
ஒரு கால் அதிகம் போட்டிருந்தேன்.
அந்தம்மாவே எடுத்துவிட்டார்.

மறுநாள் அதே மனுவில்:
'தண்ணி பத்து மணிக்கு, விடுறாக.
பத்துக்கு நாங்க, கடலுக்குள்ள பாசி பறிக்கிறோம்.
கரையேறி வந்தா,, குழாயில காத்துதான் வருது.'

'தண்ணீர் வழங்கப்படுகிறது. மனு முடிக்கப்பட்டது'
என்றார் பொறியாளர்.
'முடியல,' என்றார் களஞ்சியம்.
மறுபடி முடித்தார். மறுபடி முடியல.
ஒன்பது தடவை.
வரலாற்றைத் திறந்தால் நேரங்கள் தெரியும்:
அவருடையவை பகல் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே.
அந்தம்மாவுடையவை எல்லாம் இரவு.

ஒரு திங்கட்கிழமை நேரில் வந்தார்.
கைரேகைக் கருவி பத்து விரலையும் பார்த்துவிட்டு
ஆள் இல்லை என்றது.
'பாறை தின்ன விரலு சார்,
துணி சுத்தித்தான் பறிக்கிறோம், அப்படியும்.'
போனைக்கூட விரல் முட்டியால்தான் தட்டுவாராம்.
அந்தக் கமாக்கள் எங்கிருந்து வந்தன என்று
அப்போது தெரிந்தது.

அந்த வாரம் பக்கத்தில் புதுப் பத்தி ஒன்று முளைத்தது.
நான் போட்டதில்லை.
தலைப்பு: 'வத்தம்'.
கீழே தேதிவாரியாக
எந்த நாள் எத்தனை மணிக்குக் கடல் வற்றும்,
எத்தனை மணிக்குப் பெண்கள் கரையேறுவார்கள்.
பெரியபட்டினத்துச் சம்மாட்டி ஒருவர்
அஷ்டமிக்கு அடுத்த இரண்டு நாளைத் திருத்தினார்.
'எங்க பக்கம் பத்து நிமிஷம் பிந்தி' என்று
வேதாளை ஜெனோவா ஓரத்தில் குறித்திருந்தார்.
எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத பத்தி.
நீக்கச் சொல்லி வாய்மொழி உத்தரவு வந்தது.
நாளைக்கு என்றேன்.
அலுவலகம் எனக்குக் கற்றுத்தந்த வித்தை அது ஒன்றுதான்.

பிறகு ஒரு புதுப் பெயர்.
செய்யது பாதுஷா, வால்வு திறப்பவர்,
அவரும் ஒப்பந்தம், என்னைவிட நாலாயிரம் குறைவு.
'சாவி எங்கிட்டதான் இருக்கு.
பத்து மணின்னு முடிவு பண்ணது யாருன்னு
எனக்கே தெரியாது.
வத்தத்தைப் பார்த்துத் திறக்கட்டுமா?'

அதன் கீழே முப்பத்தொரு பேர்.
திற. திறங்க பாய். திற.
ஒருவர் 'தொற' என்று எழுதியிருந்தார்.
எழுத்துப்பிழை பார்க்கிறவன் நான்,
அதைத் தொடவில்லை.

பொறியாளர் கட்டம் மூன்று நாள் வெறுமை.
நாலாம் நாள் பகல் பன்னிரண்டு பத்துக்கு
அதில் ஒரு முற்றுப்புள்ளி, அவ்வளவுதான்.
சம்மதம் என்று படித்துக்கொண்டார் பாதுஷா.
வேறு மாதிரி படிக்கவும் இடமிருந்தது.

இப்போது சில நாள் மூன்று மணிக்கு,
சில நாள் விளக்கு வைத்த பிறகு
களிமண்குண்டுக் குழாய்களில் தண்ணீர் வருகிறது.

மாத அறிக்கை கேட்டார்கள்.
மனு 2217, தீர்த்த அலுவலர் யார்?
பட்டியலில் பதினாறு பதவிகள்.
மேலிருந்து கீழாக இரண்டு முறை தேடினேன்,
வால்வு திறப்பவர் இல்லை.
பாசி பறிப்பவர் எப்படி இருப்பார்?
'மற்றவை' என்று போட்டு எழுந்து போய்விட்டேன்.

இரவு ஒன்பதரைக்கு அதுவும் திருத்தப்பட்டிருந்தது.
'மற்றவை'யை அழித்துவிட்டு
வரிசையாகப் பெயர்கள், நடுநடுவே இரட்டைக் கமாக்கள்.
பாதுஷாவுக்கு அடுத்து என் பெயரும்:
'தாவசி'.

ஒரு கால் அதிகம்.
இருக்கட்டும்.